பால்பவுடர் டின்னில் போன மூன்று பூ

1

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு என் வீட்டுக்காரரின் கல்லறைக்கு நானும் பூ அனுப்பினேன். மூன்று பூ. குவைத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் வரைக்கும் வாடாமல் போகிற பூ எங்கே கிடைக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கடையில் வாங்கினதில்லை. பேத்தியின் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று மாட்டி நானே செய்தது.

அந்தப் பூ பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான்.

குவைத்தில் அப்பாசியா என்கிற பகுதியில் நாலாவது மாடியில் இருக்கிறோம். மகள் ஜெயா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் அந்தோணிக்கு ஏசி கம்பெனியில் வேலை. பேத்தி ஷெரின் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்த நாற்பதாம் நாள் நான் இங்கே வந்து இறங்கினேன். "ஆறு மாசம் இருந்தா போதும்மா, பிள்ள கொஞ்சம் தலை நிமிரட்டும்" என்று ஜெயா சொன்னாள். பிள்ளை தலை நிமிர்ந்து என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவேன். ஆறேகாலுக்குக் கீழே ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கும். அதன் பிறகு அவரவர் டூட்டிக்குப் போய்விடுவார்கள். வீடு காலி என்று சொல்ல முடியாது. உள் ரூமை இரண்டு மலையாள நர்சுகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்கள் ராத்திரி டூட்டி முடிந்து வந்து தூங்குவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பாத்திரம் உருளக் கூடாது. டிவி போடக் கூடாது. மிக்சி கூடவே கூடாது. ஒரு தடவை தேங்காய் உடைத்தேன். கதவைத் திறந்து ஒருத்தி, "அம்மச்சீ..." என்று அழுகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள். அன்றோடு பகல் ஒரு மணி வரைக்கும் எனக்குச் சத்தமில்லாத வேலை மட்டும்தான். சத்தமில்லாத வேலை ஒரு வீட்டில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துணி மடிக்கலாம். ஜெபமாலை சொல்லலாம். பயறு பொறுக்கலாம். அப்புறம்?

2

என் வீட்டுக்காரர் வாழைக்குலை ஏற்றுகிற டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கே வந்தபோது அவருக்கு வண்டியை விட்டுவிட்டு வர மனசில்லை. பிறகு மனசு வந்தபோது விசா வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசம் போய்ச் சோறு பொங்கிப் போட்டுவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கிற அவர் தங்கை ரெஜினாதான் பார்த்துக்கொண்டாள்.

இங்கே இருக்க வேண்டுமென்றால் இகாமா என்கிற முத்திரை பாஸ்போர்ட்டில் வேண்டும். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்காகப் போனபோது பத்து விரலையும் மெஷினில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மெஷினில் ஒன்றும் விழவில்லை. அங்கே இருந்த பெண் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். "மாஃபி, மாஃபி" என்றாள். இல்லை, இல்லை என்று அர்த்தம். புளி கரைத்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து, இங்கே வந்து பிளீச்சிங் தண்ணீரில் தரை துடைத்து என் விரல் ரேகை எல்லாம் தேய்ந்து போயிருந்தது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்லா, அதச் சொல்லு" என்று ஜெயாவின் காதில் சொன்னேன்.

"அம்மா, இங்க யாரும் கையெழுத்து கேக்கல்ல. சும்ம நில்லு."

விரலுக்கு எண்ணெய் போட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். பாஸ்போர்ட் அங்கேயே ஃபைலில் இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு நாள் காலையில் ரெஜினா சாயா கொண்டு போனபோது இவர் கட்டிலில் அப்படியே கிடந்திருக்கிறார்.

மருமகன் நாலு நாள் அந்த ஆபீசுக்கு நடந்தார். குறை சொல்ல மாட்டேன், அவர் வேலைக்கு லீவு போட்டு அலைந்தார். "புக்ரா, புக்ரா" என்று சொன்னார்களாம். நாளைக்கு என்று அர்த்தம். ஊரில் ஐஸ் பெட்டி வைத்து இரண்டு நாள் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தது ஆறாம் நாள். "இனிப் போயி என்னம்மா செய்ய? பிள்ளைக்குப் பரீட்சை வருது. லீவுக்குச் சேந்து போவோம்" என்று ஜெயா சொன்னாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். நான் சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி என்று சொல்லவில்லை?

ஐந்து மாசம் கழித்து ஜூலையில் போனேன். சிமெண்டு பூசி, சிலுவை நாட்டி, பேர் எழுதி எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பிடி மண்ணு கூட நான் போட்டதில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் நான் இங்கேதான். ஸ்கூல் லீவு ஜூலையில் வருகிறது. கல்லறைத் திருநாள் நவம்பரில் வருகிறது. இரண்டும் என்றைக்கும் சந்திக்கப் போவதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் அன்றைக்குக் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, திரி கொளுத்துவாள். இவருக்கு ரெஜினா வைப்பாள். அவள் நன்றாகத்தான் வைப்பாள். எனக்கு அது போதவில்லை.

3

கட்டைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஷெரினுக்கு ஆறு ஏழு வயசில் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவளுக்கு கம்ப்யூட்டர்தான். தூசி தட்டப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேலே ஒரு சின்னப் புத்தகம். தீயணைக்கிற வண்டி எப்படிச் செய்வது என்று போட்டிருந்தது.

புரட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துக் கூட இல்லை. இங்கிலீஷ் இல்லை, அரபி இல்லை. படமும் நம்பரும் மட்டும்தான். ஒன்று என்று போட்டு இந்தக் கட்டையை இங்கே வை, இரண்டு என்று போட்டு இதை இதன் மேல் வை. இந்த நாட்டில் வந்த நாள் முதல் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் யாரிடமாவது நீட்டி "இது என்னன்னு பாரு" என்று கேட்டுத்தான் பழக்கம். மருந்துச் சீட்டு, கரண்டு பில், கதவில் ஒட்டிவிட்டுப் போகிற நோட்டீஸ் எல்லாம் அப்படித்தான். யாரிடமும் கேட்காமல் நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த புத்தகம் அது ஒன்றுதான். இரண்டு நாளில் வண்டியைச் செய்து முடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டியை வைத்து நான் என்ன செய்ய? கழற்றிவிட்டேன். அந்தச் சிவப்பைப் பார்த்தபோது செம்பருத்தி ஞாபகம் வந்தது.

சுலபம் என்று நினைக்காதீர்கள். கட்டைக்கு மேலே குமிழ் இருக்கும், அடியில் குழி இருக்கும். குமிழைக் குழியில் அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சதுரம். கட்டைக்கு நாலு பக்கம்தான் தெரியும். பூவுக்கு ஐந்து இதழ். நாலு இதழில் நந்தியாவட்டை செய்தால் அது ஃபேன் மாதிரி இருந்தது. எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டினேன் தெரியுமா? எரிச்சலில் ஒரு நாள் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு வழி தெரிந்தது. நீளமான மெல்லிய கட்டையை ஒரே ஒரு குமிழில் மாட்டினால் அது கடிகார முள் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உருண்டைத் துண்டு வைத்துவிட்டால் இடிக்காது. அப்படி ஐந்தை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி விசிறி மாதிரி விரித்தேன். ஐந்து இதழ் வந்தது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது உண்மைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பூ. செம்பருத்திக்கு வண்டிக் கதவின் கீல் துண்டுகள் உதவின, இதழ் சற்றே மல்லாந்து நின்றது. செவ்வந்திக்கு வீட்டில் இருந்த மஞ்சள் கட்டை எல்லாம் போயிற்று. நகம் இரண்டு உடைந்தது. மெல்லிய கட்டை இரண்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, பழைய கத்தியை நடுவில் கொடுத்து நெம்ப வேண்டும். எல்லாம் பகல் ஒரு மணிக்குள். நர்சுப் பிள்ளைகள் ஒரு நாளும் எழுந்து வரவில்லை.

ஷெரின்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மாச்சி, நீயா செஞ்சே? வாவ். இதுக்கு புக் இல்லியே?"

"புக் எதுக்கு? பூவப் பாத்ததில்லியா நான்?"

"ஐ மீன், ஸ்டெப்ஸ்."

"ஒனக்கு வேணும்னா எடுத்துக்க மக்ளே. ஒன் கட்டைதான."

"நோ நோ. ஐ டோண்ட் நீட் இட்" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாள். அவள் பேசுகிறதில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசுகிறதில் பாதி அவளுக்குக் கேட்பதே இல்லை. பால் கொடுக்கிற நேரம் போக மற்ற எல்லா நேரமும் என் மடியில் கிடந்த பிள்ளை.

4

மூன்று பூவையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்தேன். டிவிக்கு மேலே வைக்கலாம் என்று ஜெயாவே சொன்னாள். "அழகா இருக்கும்மா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அடுப்படியிலிருந்து வரும்போதும் போகும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜெயாவோடு வேலை செய்கிற ஒரு நர்ஸ், நம்ம மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைதான், டிவி பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இது எங்க வாங்குனிய ஜெயாக்கா?" என்று கேட்டாள்.

"வாங்குனது இல்ல. வீட்டுல செஞ்சதாக்கும்."

"யாரு, நீங்களா?"

ஜெயா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரு நிமிஷம் கூட இல்லை, கண் மூடித் திறக்கிற நேரம். "ஷெரின் செஞ்சது" என்றாள்.

எல்லாரும் ஷெரினைத் தட்டிக்கொடுத்தார்கள். "இஞ்சினியருக்குப் படிக்க வைங்க" என்றார் ஒருத்தர். ஷெரின் என் பக்கம் பார்த்தாள், அம்மா பக்கம் பார்த்தாள், பிறகு "தேங்க்யூ அங்கிள்" என்றாள். நான் அடுத்த கிளாசில் சாயா ஊற்றினேன்.

எல்லாரும் போன பிறகு ஜெயா பாத்திரம் எடுத்து வைக்க வந்தாள்.

"கோவமா?"

"எதுக்கு?"

"அம்மா, ஒன்னச் சொன்னா ஆளுவ என்ன நெனப்பாவ? வயசான அம்மைய ஒத்தையில அடச்சுப் போட்டிருக்காவ, அவ பாவம் விளையாட்டுச் சாமான் வச்சு வெளையாடிட்டு இருக்கான்னு சொல்ல மாட்டாவளா?"

அவள் சொன்னது பொய்யும் இல்லை என்பதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. அன்று சாயங்காலமே பாட்டிலோடு எடுத்து என் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இது யார் செய்தது என்று கேள்வியே வராத இடம் எது என்று யோசித்தேன். என் வீட்டுக்காரரின் கல்லறைதான். அங்கே வைத்தால் அது பெண்டாட்டி அனுப்பியது, அவ்வளவுதான். வெயிலில் காயாது, மழையில் அழுகாது. நான் போக முடியாத நவம்பரில் எல்லாம் எனக்குப் பதிலாக அங்கே நிற்கும்.

5

செய்தபடியே அனுப்பினால் பெட்டியில் நொறுங்கிப் போகும். அதனால் கழற்றி அனுப்பி, ரெஜினாவை மாட்ட வைக்க வேண்டும். ரெஜினாவும் என்னை மாதிரிதான், எழுதினால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே பொழுது போய்விடும். அதனால் அந்தத் தீயணைப்பு வண்டிப் புத்தகம் மாதிரி நானே ஒன்று வரைந்தேன். தேதி கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கம். ஷெரினின் ஸ்கெட்ச் பேனா. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பூவுக்கும் எட்டுப் படம், பத்துப் படம். வரைய வரைய ஒரு பூவைக் கழற்றி மறுபடியும் மாட்டிச் சரிபார்ப்பேன். கடைசித் தாளில் கல்லறை, சிலுவை, அதன் முன்னால் மூன்று பூ. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய பால்பவுடர் டின்னில் போட்டு, தாளைச் சுருட்டி மேலே வைத்து மூடினேன்.

கொண்டு போகிறவன் ஸ்டீபன். நம் பக்கத்து ஊர்க்காரன், டிரைவர். இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் போகிறான். அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் டின்னை வாங்க வந்தான். முடி வெட்டி, மீசைக்கு மை தீட்டி, ஆளே மாறியிருந்தான்.

"பெட்டியில கிலோ எல்லாம் நெறஞ்சு போச்சு மாமி. ஒங்களுக்காகத்தான். என்ன சாதனம் இது, கலகலன்னு கெடக்கு?"

வாய் வரைக்கும் சொல் வந்தது. முதல் லீவுக்குப் போகிற பிள்ளை. வீட்டில் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கையில் கல்லறைக்கு உள்ள சாமான் என்று சொல்லிக் கொடுப்பதா? பயணம் போகிறவனிடம் அப்படிச் சொல்லலாமா? நம் ஊரில் யாராவது சொல்வார்களா? அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மருமகன் அங்கே சோபாவில் இருந்தார். இந்த வயசில் புருஷனுக்குக் கட்டைப் பூ செய்து அனுப்புகிறேன் என்று அவர் காதில் விழ எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல பிள்ளே, சும்ம விளையாட்டுச் சாமான்" என்றேன்.

"ரெஜினா மாமி பேரப்பிள்ளையளுக்கா? சரி சரி" என்று அவன் டின்னை வாங்கிக்கொண்டு போனான்.

அப்போதாவது அவனைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நின்றுகொண்டே இருந்தேன்.

நாலு நாள் கழித்து ஜெயா ஊருக்கு போன் போட்டாள். என் கைக்கு வந்தபோது போன் கார்டில் ஒரு நிமிஷம்தான் பாக்கி. "டின்னு கிட்டிச்சா?" என்றேன். "கிட்டிச்சு மைனி, நல்ல சாமான்" என்றாள் ரெஜினா. லைன் போய்விட்டது. நான் அவளுக்கு அண்ணன் பெண்டாட்டி, அதனால் மைனி என்று கூப்பிடுவாள். நல்ல சாமான் என்று சொல்லிவிட்டாளே, படம் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

6

நவம்பர் இரண்டாம் தேதி எல்லாரும் வீட்டில் இருந்தோம். ஐந்தரை மணிக்கு மருமகன் புது கார்டு சுரண்டி நம்பர் போட்டுக் கொடுத்தார். ஊரில் அப்போது எட்டு மணி. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஜெயா ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"மைனி, கேக்குதா? அண்ணனுக்கு செவ்வந்தி மாலை ரெண்டு வச்சேன். மெழுகுதிரி ஒரு பாக்கெட்டு. தூத்தல் போட்டு பாதியும் அணஞ்சு போச்சு. பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. ஒரு கொறையும் வைக்கல்ல மைனி."

"என் டின்னு?"

"எந்த டின்னு?"

"ஸ்டீபன் கொண்டாந்தது."

"ஓ, அதா! அத ஏன் கேக்குதிய. பேரப்பிள்ளைய ரெண்டும் சோறு தண்ணி இல்லாம அதுலதான் கெடக்கு. மூத்தவன் லாறி செஞ்சான். சின்னவ அதுக்கு கயிறு கெட்டி இழுத்துட்டு நடக்கா. குவைத் ஆச்சி தந்து விட்டதுன்னு தெருவு முழுக்கக் காட்டியாச்சு."

"படம் வரஞ்ச தாளு இருந்துதே, ரெஜினா."

"அது ஷெரின் வரஞ்சதுல்லா? நல்லா இருந்துது. மூணு நாளா மழையில்லா மைனி, பிள்ளைய கப்பல் விட்டுட்டு."

மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கார்டு தீரும் மாமி. பேசுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, நல்லது, பிள்ளைகள் விளையாடட்டும் என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. அறுபத்தாறு வருஷப் பழக்கம்.

"அது பிள்ளையளுக்கு உள்ளது இல்ல" என்றேன்.

"பொறவு?"

"ஒங்க அண்ணனுக்கு. பூவாக்கும் அது. நான் செஞ்சது. கழத்தி அனுப்பினேன். கல்லறையில வைக்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் ஏறியது.

"யேன் மைனி, வாயத் தொறந்து சொல்லப்பிடாதா? ஸ்டீபன் வெளையாட்டுச் சாமான்னுல்லா சொல்லித் தந்தான்."

"நான்தான் அவன்ட்ட அப்படிச் சொன்னேன்."

"நல்லா இருக்கு! கல்லறைக்கு உள்ளத வச்சு பிள்ளைய தெருவெல்லாம் லாறி ஓட்டிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா" என்றாள் ஜெயா. அவள் முகம் வெளுத்திருந்தது. "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஒனக்கிட்டயா? வெள்ளிக்கிழம ஆளுவ முன்ன நீ என்ன சொன்ன?"

மருமகன் முன்னால் அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஷெரின் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ரெஜினா, கேளு. அந்த லாறிய வாங்கு. செவப்பும் தண்டுக்குப் பச்சையும் போதும், ஒரு பூவாவது ஆவும். படம் இல்லாட்டி என்ன, எனக்கு மனசுல இருக்கு. நான் ஒவ்வொண்ணா சொல்லுதேன், நீ மாட்டு. முடிச்சுக் கொண்டு வை."

"இப்பமா மைனி? நல்ல மழை."

"கொடை இல்லியா வீட்டுல?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கத்தல் கேட்டது. சின்னவள்தான், நாலு வயசு இருக்கும். "என் லாறி, என் லாறி" என்று அவள் அழுதது சுவரில் மோதுகிற மாதிரி ஹாலில் கேட்டது. ரெஜினா திரும்பி வந்தாள்.

"விட மாட்டேங்கு மைனி. கெட்டிப் பிடிச்சிட்டு தரையில கெடந்து உருளுது. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்கு அது ஒறங்கும்போ எடுத்து செஞ்சு வைக்கேன். அண்ணன் எங்க போவப் போறாரு?"

"ஆமாம்மா" என்றாள் ஜெயா. "சின்னப் பிள்ளைல்லா. அழ விடாண்டாம்."

சின்னப் பிள்ளை அழுதால் எழுந்து ஓடுவதுதான் என் பிழைப்பாக இருந்திருக்கிறது. ஒரு பிள்ளை அழும் என்றுதான் இவரை ஒற்றைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை என்றுதான் ஐந்து மாசம் கழித்துக் கல்லறையைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தச் சின்னவள் மேலும் இல்லை. அவளுக்குக் கொடுத்ததைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியும்.

"அழட்டும்" என்றேன்.

"என்ன மைனி?"

"அழட்டும். நாளைக்கு மூணாம் தேதி. நீ வாங்கு."

அப்புறம் கேட்ட அழுகையை எழுத முடியாது. ரெஜினா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "எடுத்தாச்சு. சொல்லுங்க" என்றாள். முதலில் பச்சை, நீளமாக இருப்பதில் மூன்று எடு என்று ஆரம்பித்தேன். கார்டு தீர்ந்தது. மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே பக்காலா என்கிற மளிகைக் கடைக்குப் போய் இன்னும் இரண்டு கார்டு வாங்கி வந்தார். குமிழ் எது, குழி எது என்று ரெஜினாவுக்குப் புரிய வைக்கவே ஒரு கார்டு போயிற்று. அவள் என்னைத் திட்டினாள், நான் அவளைத் திட்டினேன். பின்னால் பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டே இருந்தது.

ஒரு செம்பருத்திதான் தேறியது. குடையும் டார்ச்சுமாகப் போய் வைத்துவிட்டு வந்து ரெஜினா மிஸ்டு கால் கொடுத்தாள். அப்போது இங்கே மணி ஏழு.

சின்னவளுக்குப் புதுசாகக் கட்டைப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று ஜெயா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அனுப்பட்டும். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு அழட்டும் என்று சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.